காட்டில் முடிவெடுப்பது யார்?

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் மூண்ட தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள். பலர் இளைஞர்கள், பெண்களும் கணிசமாக இருந்தார்கள். முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காய்ந்து நின்ற புல்லுக்கு நடுவே தீ அவர்களை வளைத்துக்கொண்டது. அந்தப் பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் அரசே 40 வழித்தடங்களோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தடையும் அழைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் ஆச்சரியமில்லை. காட்டுக்குள் நடப்பதைப் பற்றி நம் சமூகத்துக்கு இன்னும் தெளிவான அபிப்பிராயம் உருவாகவில்லை. விபத்து நடந்தால் ‘எதற்கு இந்த வேண்டாத வேலை?’ என்கிறோம், விடுமுறை வந்தால் இமயமலை வீடியோவைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்கிறோம்.

காடு ஆபத்தானதா என்று கேட்டால், ஆபத்தானதுதான். அதற்குமேல் அந்தக் கேள்வி எங்கும் இட்டுச்செல்வதில்லை. கூடாரம், உணவு, படுக்கை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, சாலையும் கடையும் ஆஸ்பத்திரியும் எட்டாத இடத்தில் சில நாட்கள் நடந்து வாழ்வதைத்தான் பேக்பேக்கிங் என்கிறார்கள். காலையில் எப்போது கிளம்புவது, எந்த ஓடையை எங்கே கடப்பது, எங்கே படுப்பது, எந்த இடத்தில் போதும் என்று திரும்புவது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவற்றை யார் எடுக்கிறார்கள், எதைப் பார்த்து எடுக்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காட்டில் நேர்ந்த சாவுகளையும் காட்டிலிருந்து மனிதர்கள் பெற்றுவந்த நன்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஊற்றுக்கண் இதுவே என்று தோன்றுகிறது. கண்முன்னே இருக்கும் மலையைப் பார்த்து நடப்பவரே முடிவெடுக்கும்போது காடு நிறையக் கொடுக்கிறது. அந்த முடிவைத் தேதிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் கூட்டத்துக்கும் விட்டுக்கொடுத்தால் பயன் குறைகிறது, ஆபத்து கூடுகிறது.

குரங்கணியையே எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிச் சரிவுகள் காய்ந்து சருகாகக் கிடக்கும். சமதளத்தில் மெதுவாகப் பரவும் தீ, சரிவில் மேல்நோக்கி ஓடும். ஏற்றம் 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீயை ஆராய்கிறவர்களின் பொதுக் கணக்கு. எரியும் சரிவின் மேல்பக்கம் நிற்கும் மனிதனுக்கு ஓடித் தப்ப நேரம் இருக்காது. பிற்பகல் வெயிலும் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இவையெல்லாம் மலையடிவாரத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய விஷயங்கள். ஆனால் வார இறுதி குறித்தாகிவிட்டது, வண்டி பேசியாகிவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது. பருவத்தையும் புல்லையும் பார்த்து ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் வேலை யாருடையது என்பதே வந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இறந்தவர்கள்மீது நான் குற்றம் சுமத்தவில்லை. முடிவெடுக்கத் தேவையான அறிவு அவர்கள் கைக்கு வந்து சேராத ஓர் ஏற்பாட்டுக்குள் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

நாம் எதற்குப் பயப்படுகிறோம், உண்மையில் எது கொல்கிறது என்பதிலும் பெரிய இடைவெளி இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872-இல் தொடங்கப்பட்டது. கரடிகள் நிறைந்த அந்த இடத்தில் இத்தனை ஆண்டுகளில் கரடி தாக்கி இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அந்த நாட்டின் தேசியப் பூங்காக்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் வாகன விபத்தும், நீரில் மூழ்குவதும், வழுக்கி விழுவதுமே விபத்துச் சாவுகளில் முன்னால் நிற்கின்றன. நம் ஊர்க் கதையும் இதற்குத் தூரமில்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டுபோனது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல், மலை உச்சியில் பெய்த மழை ஓடைவழியே சில நிமிடங்களில் இறங்கி வந்துவிடும். கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறும் பருவத்தில் ஆண்டுதோறும் சிலர் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் இறக்கிறார்கள். பாம்பும் புலியும் நம் கற்பனையில் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைத் தண்ணீரும் இதயமும் பிடித்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

ஒரு விலங்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. யானை இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைக் கொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் காட்டோரத்து விவசாயிகளும் பழங்குடி மக்களும். என்றாலும் நீலகிரி, ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளில் கூடாரம் போட்டுப் படுக்க நினைப்பவருக்கு அது உண்மையான ஆபத்துதான். அமெரிக்கப் புள்ளிவிவரத்தைக் காட்டி அதைத் தள்ளிவிட முடியாது. நம் காப்புக்காடுகளில் இரவு தங்க வனத்துறை பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே பல நாள் நடையை நாடும் தமிழர்கள் வடக்கே இமாச்சலத்துக்கும் உத்தராகண்டுக்கும் போகிறார்கள். அங்குள்ள உயர்மலைப் பாதைகளில் யானை இல்லை. குளிரும் உயரமும் இருக்கின்றன. கடலோரத்திலும் சமவெளியிலும் வளர்ந்த உடம்புக்கு இவ்விரண்டிலும் பழக்கமே கிடையாது.

குளிர் என்றால் பனிக்கட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பூஜ்ஜியத்துக்கு மேல் ஐந்து, பத்து டிகிரியிலேயே, மழையும் காற்றும் சேர்ந்தால், உடம்பு தோற்றுப்போகும். பருத்திச் சட்டை மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்று அடிக்க அடிக்க அந்த ஈரம் ஆவியாகி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முதலில் நடுக்கம் வரும், விரல்கள் சொன்னபடி கேட்காது, ஷூ கயிற்றைக் கட்ட முடியாது. பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் ‘பரவாயில்லை, இப்போது நடுங்கவில்லை’ என்று நிம்மதியடையும் அந்தத் தருணம்தான் மிக மோசமான தருணம். சிலர் கடைசியில் உடம்பு எரிகிறது என்று நினைத்து ஆடைகளைக் கழற்றிவிடுவதும் உண்டு. இதில் மிகக் கொடுமையானது, உடம்போடு சேர்ந்து மூளையும் மங்கிவிடுவது. ‘நான் நன்றாக இருக்கிறேன், போகலாம்’ என்று பாதிக்கப்பட்டவர் சொல்லும் சொல்லை நம்ப முடியாத நிலை வந்துவிடும்.

உயரமும் அப்படியே. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்று மலை மருத்துவம் சொல்கிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் ஒருவர் தள்ளாடுகிறார் என்றால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். இருட்டோ மழையோ, உடனே கீழே இறக்கியாக வேண்டும். இந்தச் சோதனைக்குக் கருவி வேண்டாம், டாக்டர் வேண்டாம். ஆனால் ஐந்து நாளில் முடித்தாக வேண்டிய பயணத்தில் தலைவலியை ஒருவர் வெளியே சொல்வதற்கே தயங்குவார். தன்னால் எல்லோருக்கும் கெட்டுப்போய்விடுமே என்ற கூச்சம். மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் உத்தர்காசி பக்கம் சகஸ்திர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழு ஒன்று, 4,000 மீட்டருக்கு மேல், திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டிகளோடு சேர்த்து 22 பேர். திறந்தவெளியில் இரவைக் கழிக்க நேர்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். மீதிப் பேரை விமானப் படை ஹெலிகாப்டர்களும் மீட்புப் படையினரும் காப்பாற்றினார்கள். செய்தி வெளியே வருவதற்கே வெகுநேரம் ஆயிற்று. உலகின் வேறு பல நாடுகளில் கைக்கு அடக்கமான செயற்கைக்கோள் தகவல் கருவி இதற்கென்றே இருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் இருக்கும் இடம் மீட்புக் குழுவுக்குப் போய்ச் சேரும். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. பதிவு செய்து வாடகைக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை மலையேற்ற அனுமதிச் சீட்டோடு சேர்த்துச் செய்ய முடியாதா என்பதே கேள்வி.

கருவி இருந்தாலே போதுமா என்றால், இல்லை. வழி தப்பினால் என்ன செய்வது என்று தெரிந்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் 2013 ஜூலையில் 66 வயதுப் பெண் ஒருவர் காணாமல் போனார். அதற்குள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து முடித்தவர். சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டுச் சில அடி உள்ளே போனார். திரும்பும்போது பாதை தெரியவில்லை. மெய்ன் காடு அவ்வளவு அடர்த்தி. கணவருக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவே இல்லை. சிக்னல் தேடி மேட்டை நோக்கி ஏறியதில் பாதையிலிருந்து மேலும் விலகிப்போனார். மரங்கள் கவிந்த இடத்தில் கூடாரம் அடித்து, நாட்குறிப்பு எழுதிக்கொண்டு, வாரக்கணக்கில் உயிரோடு இருந்தார். உடல் கிடைத்தது 2015 அக்டோபரில். பாதையிலிருந்து மூன்றே கிலோமீட்டர் தொலைவுக்குள். வழி தப்பியது தெரிந்தவுடன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவது, பாதையைப் பிரியும் முன் ஒரு மரத்தில் துணி கட்டிவிட்டுப் போவது, காம்பஸைப் பார்த்து ஒரே திசையில் நடப்பது எல்லாம் ஒரு மதியத்தில் கற்றுக்கொடுத்துவிடக்கூடியவை. கால்கள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நடந்திருந்தாலும் இவை தானாக வந்துவிடுவதில்லை.

‘அப்படியானால் அனுபவசாலிகள் பின்னால் போனால் பாதுகாப்புதானே’ என்று கேட்கத் தோன்றும். இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போனவர்கள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். பயிற்சி பெற்றவர்களும் நிறையச் சிக்கியிருந்தார்கள்; குறிப்பாக, நன்கு பழகிய சரிவுகளில் அவர்கள் கூடுதலாகத் துணிந்திருந்தார்கள். இதற்கு முன் வந்த இடம்தானே என்ற நினைப்பு, போயே தீருவது என்ற பிடிவாதம், முன்னால் ஒரு குழு போகிறதே என்ற தைரியம், தலைவர் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கை ஆகியவை கண்ணெதிரே தெரிந்த எச்சரிக்கைகளை மறைத்தன. இதை நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். அறிவு இருந்தது, முடிவு மட்டும் வேறு யாரிடமோ போய்விட்டது. பத்துப் பேர் சேர்ந்து நடக்கும்போது பத்து மூளைகள் வேலை செய்வதாக நினைக்கிறோம்; பல சமயம் ஒன்றுகூட வேலை செய்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் போக வேண்டும்? ஆய்வுகள் சில விடைகளைத் தருகின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பல நாள் நடைக்குப் போனவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிளம்பும் முன்பும், மற்றவர்களுக்குச் செல்போன் இல்லாமல் நடந்த நான்காம் நாளிலும் ஒரே சோதனை வைத்தார்கள். தொடர்பில்லாத சொற்களை இணைக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக்குச் சராசரி 4 எடுத்தார்கள் முதல் பிரிவினர். 6 எடுத்தார்கள் இரண்டாம் பிரிவினர். மொத்தமே 56 பேர்தான். மரம் செய்த வேலையா, செல்போன் இல்லாதது செய்த வேலையா என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை. அடுத்த ஆண்டு கொலராடோவில் எட்டுப் பேரை ஒரு வாரம் சூரிய வெளிச்சமும் நெருப்பு வெளிச்சமும் தவிர வேறு விளக்கே இல்லாமல் தங்கவைத்தபோது, அவர்களுடைய உடல் கடிகாரம் இரண்டு மணி நேரம் போல முன்னால் நகர்ந்து சூரியனோடு ஒத்துப்போனது. இவையெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்திகள். ஆனால் இவற்றை மட்டும் வைத்து மலைக்குப் போகச் சொன்னால் எதிர்வாதம் தயாராக இருக்கிறது. தூக்கமும் தெளிவும் வேண்டுமென்றால் ஊர்ப் பூங்காவில் நடக்கலாமே, போனை அணைத்துவிட்டு நேரத்தோடு படுக்கலாமே? நியாயமான கேள்வி. அதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பூங்கா தர முடியாத ஒன்று இருக்கிறது. எம்மா கேட்வுட் என்ற ஓஹியோ மாநிலத்துக் கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கையில் அது தெரிகிறது. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், கணவனிடம் பல்லாண்டு அடி வாங்கிய பிறகு விவாகரத்துப் பெற்றவர். 1954-இல் மெய்னிலிருந்து தனியாக அப்பலாச்சியன் பாதையில் கிளம்பினார். சில நாளிலேயே வழி தவறியது, மூக்குக்கண்ணாடி உடைந்தது. வனக் காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போனார். மறு ஆண்டு, 67 வயதில், எதிர்முனையான ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை முழுப் பாதையையும் நடந்து முடித்தார். ஒரே ஆண்டில் தனியாக அதை முடித்த முதல் பெண். கையால் தைத்த ஒரு துணிப்பை, ராணுவக் கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் கேன்வாஸ் ஷூ. இந்த எளிய மூட்டையை வியந்து பேசுகிறவர்கள் 1954-ஐ விட்டுவிடுகிறார்கள். மற்றவர் கை ஓங்கிய வீட்டில் பாதி ஆயுளைக் கழித்த ஒருவருக்கு, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று ஒவ்வொரு மணி நேரமும் தானே தீர்மானிக்கும் ஐந்து மாதங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். திரும்பத் தெரிந்ததால் அந்த மாதங்கள் அவருக்கு வாய்த்தன. விளைவு உடனே வந்து நிற்கும் இடத்தில் சொந்தமாக முடிவெடுத்து, அது சரியா தவறா என்று அன்றைக்கே அறியும் வாய்ப்பு நகர வாழ்க்கையில் மிக அரிது.

மீட்கப் போகிறவர்களின் உயிரும் சேர்ந்தல்லவா பணயத்தில் இருக்கிறது என்பது இதற்கு வரும் கடுமையான மறுப்பு. குரங்கணியில் எரிந்தவர்களைத் தூக்கிவந்தவர்களில் உள்ளூர் மலைவாழ் மக்களும் இருந்தார்கள். அந்த மலையேற்றத்தால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. என்னிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. தயாராகப் போகிறவர் மீட்பவரின் சுமையைக் குறைக்கிறார் என்று மட்டும் சொல்லலாம். காட்டுக்கே கேடு என்பது இன்னொரு மறுப்பு. இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில் குப்பையும் கூடாரமும் பெருகியதைப் பார்த்து 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் அங்கே இரவு தங்கத் தடை விதித்தது. அந்தக் கவலை சரியானதே. ஆனால் அங்கே போனவர்களில் பெரும்பாலோர் ஒரே தேதிகளில், ஒரே பாதையில், பெரிய குழுக்களாக அழைத்துச்செல்லப்பட்டவர்கள். புல்வெளியை அழித்த அதே ஏற்பாடுதான் தலைவலியை மறைக்கவும் வைக்கிறது.

தமிழ்நாட்டின் புதிய திட்டத்தில் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். காட்டுத்தீ பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. குரங்கணி கேட்ட இரண்டும் இவை. யானைச் சாணத்தின் சூட்டைப் பார்த்தே எவ்வளவு நேரத்துக்கு முன் கடந்தது என்று சொல்லக்கூடிய ஒருவர் ‘இன்றைக்கு இந்தப் பக்கம் வேண்டாம்’ என்றால் அதற்குமேல் பேச்சிருக்கக் கூடாது. அதோடு நின்றுவிடாமல், ஏன் வேண்டாம் என்று வந்தவர்களுக்கு அவர் காட்டிக்கொடுக்கவும் வேண்டும். வரைபடம் படிப்பது, ஓடையைக் கணிப்பது, உடல் குளிர்வதை அறிவது எல்லாம் இந்தப் பகல்நேர நடைகளிலேயே கற்றுக்கொடுக்கப்படலாம். இமயத்துக்குப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. அங்கே பயணம் நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய மாற்றமும் பெரியதில்லை. அட்டவணையில் ஓரிரு நாளை வானிலைக்கென்றே காலியாக விட வேண்டும். வழிகாட்டியோ பயணியோ பாதியில் திரும்ப முடிவெடுத்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். திரும்பக் கூட்டிவந்த வழிகாட்டிக்கு அன்றைய கூலி குறையவே கூடாது. முன்பதிவு செய்யும் முன் இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்த ஷூ வாங்குவது என்று விசாரிப்பதைவிட அவசியம்.